ஐந்தாவது டம்ளர்

பிள்ளையார்பாளையத்தில் குமாரவேலைத் தெரியாதவர்கள் கிடையாது. தறிக்குழியில் கால் வைக்காமல் தப்பித்தவன் என்று சிலர் சொல்வார்கள், ஏரோப்ளேனையே பிரித்துப் போட்டு மாட்டுகிறவன் என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, மெட்ராஸுக்குப் போய் விமான இன்ஜின் வேலை கற்று, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பயிருக்கு மருந்து தெளிக்கிற ஒரு கம்பெனியில் இன்ஜினீயராகச் சேர்ந்திருந்தான். காலையில் அவன் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். இந்தக் கையெழுத்து விஷயத்தை அவனுடைய மாமனார் ராமலிங்கம் தெருவில் சொல்லாத வீடு இல்லை. கலெக்டர் கையெழுத்துக்குக்கூட அவர் அவ்வளவு மரியாதை தரமாட்டார்.

எழுபத்து நாலாம் வருஷம் மார்கழியில் அந்த விமானமே ஊர்ப்பக்கம் வந்துவிட்டது. மாகறல் சுற்றுவட்டாரத்தில் சம்பாப் பயிரில் புகையான் விழுந்திருந்தது. தூரில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற சின்னப் பூச்சி. பச்சையாக நிற்கிற வயல் நடுவில் யாரோ நெருப்பு வைத்தது போல வட்டம் வட்டமாகக் கருகும். மாகறல் பஞ்சாயத்துத் தலைவர் ஆதிகேசவன் ஒவ்வொரு ஆபீஸாகப் படி ஏறி, சண்டை போட்டு, கெஞ்சி, விமானத்தை வரவழைத்துவிட்டார். ஆற்றங்கரை மேட்டு மேய்ச்சல் நிலத்தை ரோலர் விட்டுச் சமன் செய்து ஓடுபாதை ஆக்கினார்கள். ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, மஞ்சள் விமானத்தை மாட்டைக் கட்டுகிற மாதிரி முளையடித்துக் கட்டிவைத்தார்கள்.

குமாரவேல் தினமும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தான். அவன் மனைவி கமலாட்சிக்கு அதில் ரொம்ப சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் ஊர் ஊராகச் சுற்றுகிறான், இப்போதுதான் ராத்திரிச் சோறு வீட்டில் சாப்பிடுகிறான். முதல் நாளே அவள் கேட்டாள்.

"நீங்களும் அதுல ஏறிக்கினு போவீங்களா?"

"ஒரே சீட்டுதான். பைலட்டுக்கு மட்டும். முன்னால பூரா மருந்துத் தொட்டி."

"அப்ப ரிப்பேர் பண்றது நீங்க, ஏறிக்கினு போறது வேற ஒருத்தரா?"

"ஆமா."

"நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவனுக்கு ஏனோ சுருக்கென்றது.

அன்றைக்கே மாமனாரும் வந்து உட்கார்ந்துகொண்டார். ராமலிங்கம் ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தார். அது ஓடிய தூரத்தைவிட அவர் அதன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்த நேரம்தான் அதிகம். ஆகவே இன்ஜின் என்றால் அவரும் ஒரு கை பார்த்தவர் என்பது அவருடைய எண்ணம்.

"ஏரோப்ளேன்ல கார்புரேட்டரு எங்கப்பா வெச்சிருக்கான்?"

"இதுல கார்புரேட்டரே கிடையாது மாமா."

மூக்கில்லாத ஆளைப் பற்றிக் கேட்டது போல அவர் முகம் போயிற்று. குமாரவேல் சாப்பாட்டை மறந்துவிட்டான். இன்ஜினைப் பற்றிப் பேசச் சொன்னால் அவனுக்குப் பசியே எடுக்காது.

"மாமா, கல்யாணப் பந்தி இருக்குது பாருங்க. ஒரே ஆள் ஒரே வாளியில பாயசம் எடுத்துக்கினு வரான். முதல் இலைக்காரனுக்கு முந்திரி திராட்சையோட கிடைக்கும். கடைசி இலைக்காரனுக்கு வாசனைதான். கார்புரேட்டரு அந்த மாதிரி. ஒரே இடத்துல காத்தையும் பெட்ரோலையும் கலந்து, குழாய் வழியா ஆறு சிலிண்டருக்கும் அனுப்பும். கிட்ட இருக்கிறதுக்கு ஒரு அளவு, தூர இருக்கிறதுக்கு ஒரு அளவு. அது மட்டும் இல்ல, பெட்ரோல் ஆவியாகிறப்ப அந்த இடம் சில்லுன்னு ஆயிடும். மேல ஈரக்காத்துல பறக்கிறப்ப கார்புரேட்டருக்குள்ள ஐஸே கட்டிக்கும்."

"நம்ம ஊர் வெயில்லயா ஐஸு!" என்று ராமலிங்கம் சிரித்தார்.

"வெயில் காலத்துலயும் கட்டும் மாமா. இதுல அந்தத் தொல்லையே இல்ல. ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியா ஒரு ஆள் நின்னு பரிமார்ற மாதிரி. இன்ஜின் சுத்துறப்பவே கூட ஒரு பம்பு சுத்தி பெட்ரோலைத் தள்ளும். பைலட் எவ்ளோ முடுக்குறாரோ அதுக்குத் தக்க அளந்து விட ஒரு கருவி. அங்கேர்ந்து இன்ஜின் தலைமேல இருக்கிற ஒரு உருண்டைக்கு வரும். அந்த உருண்டையிலேர்ந்து ஆறு மெல்லிசு குழாய். குழாய் நுனியில நாசில். சிலிண்டருக்குள்ள காத்து நுழையிற வாசல்லயே பெட்ரோலைப் பீச்சும். ஆறுக்கும் ஒரே அளவு."

"பீச்சுற ஓட்டை அடைச்சுக்கினா?"

கார்புரேட்டர் துடைத்த அனுபவம் பேசியது. குமாரவேல் சிரித்தான். "அடைச்சுக்காம பார்த்துக்கிறதுக்குத்தான் மாமா என்னை வெச்சிருக்காங்க."

அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவன் வெட்கப்படவேண்டி வந்தது.

தெளிப்பு நன்றாகவே நடந்தது. பைலட் வீரபாகு திருநெல்வேலிச் சீமைக்காரர். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பனை உயரத்தில் பறப்பதுதான் தொழில், ஆனால் தரையில் அவரைப் போல நிதானமான மனிதரைப் பார்க்க முடியாது. காலையில் வருவார், குமாரவேலைப் பார்த்து, "போடலாமா?" என்பார். அவன் தலையசைத்தால் ஏறிவிடுவார். ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவருக்கு அடுத்தபடி முக்கியமானவன் கலியன். மாகறல்காரன்தான், கூலிக்கு வந்தவன். அவனுக்கு இரண்டு வேலை. பீப்பாய் பெட்ரோலைப் புனலில் பதப்படுத்திய மெல்லிய தோல் விரித்து வடிகட்டி விமானத்தில் ஊற்றவேண்டும். தண்ணீரும் தூசும் தோலிலேயே தங்கிவிடும். அந்த வேலையைச் செய்யும்போது யாரையும் பக்கத்தில் பேசக்கூட விடமாட்டான். இன்னொரு வேலை, மூங்கில் கழியில் கட்டிய வெள்ளைக் கொடியோடு வயல் கோடியில் நிற்பது. பைலட் அந்தக் கொடியைக் குறிவைத்து வருவார், மருந்தைத் தூவிக்கொண்டே அவன் தலைக்கு மேலே பறந்து ஏறுவார். உடனே கலியன் அளந்து பக்கவாட்டில் தள்ளி நிற்கவேண்டும், அடுத்த வரிசைக்கு. மருந்து ஏறாமல் இருக்கத் தன் சிவப்புத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வான். வேலை முடிந்தால் அதே துண்டு தலைப்பாகை.

மேட்டில் மண் அதிகம் பறந்தது. ஆறு நாசில்களையும் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம் என்று குமாரவேலுக்குத் தோன்றியது. புழுதியில் வைத்துச் செய்வானேன் என்று, ஒரு பிஸ்கட் டின்னில் எண் போட்ட காகிதத்தில் சுற்றி வீட்டுக்கே எடுத்துவந்தான். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆறையும் அழுக்கு நீக்கும் திரவத்தில் ஊறவைத்து எடுத்து, ஒவ்வொன்றாக வானத்தைப் பார்த்துப் பிடித்துக் கண்ணை வைத்தான். நாசில் என்றால் பித்தளையில் சுண்டுவிரல் நுனியளவு சாமான். அதன் உள்ளே இருக்கிற துளை தலைமுடிக்குத்தான் பெரியப்பா. ஐந்து பளிச்சென்று வெளிச்சம் காட்டின. ஐந்தாம் எண் மட்டும் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியோடு முறைத்தது.

புத்தகம் சொல்வது தெளிவு. மறுபடி ஊறவை, காற்றடித்து ஊது, பொறுமையாக இரு. கம்பி விடாதே, ஊசி விடாதே. துளை கொஞ்சம் தேய்ந்தாலும் அளவு கெட்டுப்போகும். காற்றடிக்கிற பம்பு மாகறல் கொட்டகையில் இருந்தது. கமலாட்சியோ ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போக ஜடை பின்னிப் பூ வைத்துக்கொண்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு நடைக்கும் அவள் வளையல் சத்தம் கூடிக்கொண்டே போயிற்று.

அவன் உள்ளே போனான். வீட்டுத் தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை நின்றது. பக்கத்தில் ஜரிகை சுற்றிய கண்டு. ஒரு விரற்கடை ஜரிகை கிள்ளிக்கொண்டான். இது கம்பியும் இல்லை, ஊசியும் இல்லை. வெள்ளித் தகடுதான், பூப்போல மெத்தென்று இருக்கும், பித்தளையை என்ன செய்துவிடும் என்று மனசுக்குள் ஒரு நியாயம். வேறு ஊர்க்காரனாக இருந்தால் இந்த நியாயம் தோன்றியிருக்காது, அவன் கைக்கு ஜரிகையும் கிடைத்திருக்காது. ஒரு குத்து, ஒரு திருகு. கறுப்புப் புள்ளி போய்விட்டது. வாயால் ஊதினான், வெளிச்சம் தெரிந்தது, டின்னில் போட்டு மூடினான்.

ஜரிகையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது பிள்ளையார்பாளையத்தில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். சிவப்புப் பட்டிழை. அதன்மேல்தான் வெள்ளியைச் சுற்றி, தங்க முலாம் போடுகிறார்கள். நல்ல ஜரிகையா என்று பார்க்க வேண்டுமானால் மேலே சுரண்டி உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் தெரிந்தவன்தான், கிள்ளிய முனையில் பட்டு பிசிறிட்டிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கோயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை பார்த்து ராமலிங்கம் ஒரு வேன் பிடித்துத் தெருவையே அள்ளிக்கொண்டு மாகறலுக்கு வந்துவிட்டார். கமலாட்சி ஒரு தவலை நிறைய வெண்பொங்கலும், பைலட்டுக்குக் காபி கொடுக்கத் தன் சீர் டம்ளர்கள் ஆறும் கொண்டு வந்திருந்தாள். ஊர்ச் சனம் வேறு. மேடு திருவிழா மாதிரி ஆயிற்று. குமாரவேல் நாசில்களைப் பூட்டி முடித்ததும் ராமலிங்கம் பக்கத்தில் நின்றவர்களிடம், "இப்ப கையெழுத்துப் போடுவான் பாரு" என்றார்.

இன்ஜினை ஓட்டிப் பார்த்தான். வேகத்தில் சரியாகத்தான் இருந்தது போலத் தெரிந்தது. மெதுவாக்கினால் உடம்பைக் குலுக்கியது. சொக்காயில் கட்டெறும்பு விழுந்தவன் மாதிரி விட்டு விட்டு ஒரு உதறல். பெட்ரோல் ஓட்டத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தான். வழக்கத்தைவிட மேலே நின்றது.

அவனுக்கு உயிர் வந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அவ்வளவுதான். அளவு திருகைக் கால் சுற்று குறைத்தால் முள் இறங்கும், எல்லாம் சரியாகிவிடும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு இன்ஜின் மூடியைத் திறந்தான்.

"இன்னாபா இன்சினீரு, பனி விட்டுப் போச்சு" என்று ஆதிகேசவன் பின்னால் வந்து நின்றார். "காத்து எழும்பினா மருந்து பயிர்ல விழாது, பக்கத்து ஊருக்குப் போயிடும். மேலண்டைக் கழனி நாளைக்குத் தாங்காது."

"ஆயிடுச்சு தலைவரே."

வீரபாகு தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "போடலாமா குமாரு?"

வழக்கமான கேள்விதான். ஆனால் தலையசைக்கப் போன குமாரவேலுக்குக் கழுத்து அசையவில்லை. அந்த முள்ளின் முகத்தில் எழுதியிருப்பது என்னவோ பெட்ரோல் அளவுதான். ஆனால் அது உள்ளே பார்ப்பது அளவை அல்ல, உருண்டையில் இருக்கிற அழுத்தத்தை. ஆறு வாய் இருக்கிற குழாயில் ஒரு வாயை விரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். முள்ளும் ஏறும். அப்போது மேலே நிற்கிற முள், பெட்ரோல் கூடுதல் என்று சொல்லவில்லை. ஒரு வாய் அடைத்திருக்கிறது என்று சொல்கிறது. அது எந்த வாய் என்று அவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

திருகைக் குறைத்திருந்தால் முள் இறங்கியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி. தொட்டி நிறைய மருந்தோடு முழு வேகத்தில் எழும்பும்போது, பெட்ரோல் போதாத அந்த ஒரு சிலிண்டர் மட்டும் காய்ந்து, சூடேறி, வெடித்து வெடித்துப் பிஸ்டனை ஓட்டை போடும். அது நடக்கிற இடம் தென்னை மரங்களுக்கு மேலே. அதில் இருப்பது ஒரே சீட்டு.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "இல்ல சார். அளந்து பார்க்கணும்."

கூட்டம் 'உச்' கொட்டியது. ஆதிகேசவன் வானத்தைப் பார்த்தார். 

அளக்கிற முறை சுலபம். நாசில்களைச் சிலிண்டரிலிருந்து மட்டும் கழற்றி, குழாயோடு ஒவ்வொன்றையும் ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, இன்ஜினை ஓட்டாமல் பேட்டரியில் ஓடும் துணைப் பம்பை மட்டும் ஓட்டவேண்டும். எல்லாப் பாத்திரமும் ஒரே மட்டத்துக்கு நிரம்பவேண்டும். ஆனால் பாத்திரங்கள் ஒரே மாதிரி இருக்கவேண்டுமே. மாகறல் டீக்கடைக்கு ஓடிப்போய்க் கண்ணாடி கிளாஸ் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அடி ஒவ்வொரு கனம். "இதுலதான் இத்தினி நாளும் டீ குடிச்சோமா?" என்று ஒருவர் அங்கேயே கடைக்காரரோடு தகராறு ஆரம்பித்தார்.

குமாரவேலின் கண் பொங்கல் தவலைப் பக்கம் போயிற்று. கமலாட்சி புரிந்துகொண்டு டம்ளர் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா குடுத்த சீரு! பெட்ரோல் ஊத்தவா?"

"கமலா." அவ்வளவுதான் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் பையைக் கொடுத்துவிட்டாள்.

ஆறு எவர்சில்வர் டம்ளர்கள், ஒரே அச்சில் அடித்தவை. கூட்டத்தைத் தூரத்தில் நிற்கச் சொல்லி, பீடிகளை அணைக்கச் சொல்லி, மணல் வாளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பம்பைத் தட்டினான். குழாய்கள் சன்னமாகச் சீறின. நிறுத்திவிட்டு டம்ளர்களை வரிசையாகப் பலகையில் வைத்தான். மற்ற ஐந்திலும் ஒரே மட்டம். ஐந்தாம் நாசிலுக்கு வைத்த ஐந்தாவது டம்ளரில் மட்டும் பாதிகூட இல்லை.

வீரபாகு குனிந்து பார்த்தார். 

"அடைப்பு" என்றான் குமாரவேல்.

"எப்படி அடைக்கும்? தூசி போனாத்தான் அடைக்கும்" என்று ஆதிகேசவன் குரலை உயர்த்தினார். "பெட்ரோல் ஊத்துறவன் யாரு? டேய் கலியா! இங்க வாடா. இன்னாத்தடா வடிகட்டின?"

கலியன் ஓடிவந்தான். "தோலு போட்டுத்தான் ஊத்தனேன் சாமி. ஒரு பொட்டு தூசு..."

குமாரவேல் ஐந்தாம் நாசிலைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காற்றுப் பம்பின் முனையை வைத்து எதிர்ப்பக்கமிருந்து அடித்தான். துணியில் என்னவோ விழுந்தது. இமை முடி அளவு நீளம். சிவப்பு.

அவன் துணியை மடிப்பதற்குள் ஆதிகேசவன் பார்த்துவிட்டார். நூலைப் பார்த்தார், கலியன் தலையில் இருந்த சிவப்புத் துண்டைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"இதோ பாருங்கய்யா! இவன் துண்டு நூலு! மனுஷன் உயிரு போயிருக்கும்! தலைய உதறிக்கினு பெட்ரோலு ஊத்தறான் படுபாவி. போடா, இனிமே இந்த மேட்டுல காலு வெச்ச..."

"மாகறலீசர் சத்தியமா நான் இல்ல சாமி" என்றான் கலியன். துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.  கூட்டத்தில் யாரும் அவனுக்காக வாய் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கூட்டம் எப்போதும் கூலிக்காரனைத்தான் பார்க்கும், அது எந்த ஊர்க் கூட்டமாக இருந்தாலும் சரி.

கமலாட்சி கிட்டே வந்தாள். துணியிலிருந்து அந்த இழையை விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். பெருவிரலால் ஒரு உருட்டு. பருத்தியா பட்டா என்று சொல்ல அவளுக்கு அதற்குமேல் தேவையில்லை. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். 

ராமலிங்கமும் வந்து எட்டிப் பார்த்தார். "துண்டு நூலா இது? மினுமினுங்குதே. பட்டு மாதிரி இருக்குது. கொளுத்திப் பார்த்தா தெரிஞ்சுடும், பட்டுன்னா மசிரு கருகுற நாத்தம் வரும்" என்று மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"மாமா!" என்று குமாரவேல் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "பெட்ரோல் இருக்குது மாமா!"

எல்லாரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அந்தக் கலவரத்தில் கமலாட்சி விரலில் இருந்த இழையை யாரும் கவனிக்கவில்லை. அவள் கையை உதறியிருந்தால் போதும், காற்றோடு போயிருக்கும். கலியன் வேறு கூலிக்குப் போயிருப்பான். பிள்ளையார்பாளையத்தில் குமாரவேல் கையெழுத்தின் மதிப்பு அப்படியே இருந்திருக்கும். அதெல்லாம் அவனுக்குத் தெரிந்தது. கலியன் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருப்பதும் தெரிந்தது. 

"கொளுத்த வேணாம் மாமா. பட்டுதான்" என்றான். "ஜரிகைக்குள்ள இருக்கிற பட்டு. கலியன் மேல தப்பு இல்ல. நேத்து வீட்டுல நாசில் ஓட்டையை நான்தான் ஜரிகையால குத்தினேன். குத்தக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் குத்தினேன்."

 ராமலிங்கம் தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மெல்ல நடந்துபோய் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.  கலியன் யாரையும் பார்க்காமல் பீப்பாய்கள் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

வீரபாகுதான் முதலில் பேசினார். "புஸ்தகத்துல கம்பி விடாதேன்னு போட்டிருக்கான். ஜரிகை விடாதேன்னு போடலையாக்கும்?"

"இல்ல சார்."

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க குமாரு."

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. குமாரவேலின் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

"இனி என்ன செய்யணுமோ செய்யி" என்றார் அவர்.

ஊறவைத்தான். காற்றடித்தான். கண்ணை வைத்துப் பார்த்தான், போதாது என்று மறுபடி ஊறவைத்தான். வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஆதிகேசவன் வரப்பில் உலாத்தினார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. பிறகு டம்ளர்களைத் துடைத்து மறுபடி அளந்தான். ஐந்தாவது டம்ளர் மற்ற ஐந்தோடு ஒரே மட்டத்துக்கு வந்தது. ஜரிகை துளையைத் தேய்க்கவில்லை, நல்லவேளை. வீரபாகுவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் ஒவ்வொரு டம்ளராகக் குனிந்து பார்த்தார். இத்தனை நாளில் அவன் வேலையை அவர் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.

நாசில்களைப் பூட்டி இன்ஜினை ஓட்டினான். மெதுவாக்கினாலும் உதறல் இல்லை. முள் தன் இடத்தில் நின்றது. கையெழுத்துப் போட்டான். எழுத்துக் கோணிக்கொண்டு போயிற்று.

வீரபாகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "கொடி யாரு?" என்று கேட்டார்.

குமாரவேல் பீப்பாய்கள் பக்கம் போனான். கலியன் எழுந்திருக்கவில்லை.

"கலியா, கொடியைக் குடு."

கலியன் நிமிர்ந்தான். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. "அந்த வேலையும் போச்சா?"

"ஐயோ, அது இல்ல. உன் வேலைய யாரும் எடுக்க மாட்டாங்க. கொடி இன்னைக்கு மட்டும் நான் பிடிக்கிறேன். அவர்கூட ஏறிப் போக எனக்கு சீட்டு இல்ல. என் தலைமேலயாவது பறக்கட்டும்."

கலியன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, சாய்த்து வைத்திருந்த மூங்கிலை எடுத்து நீட்டினான். வீரபாகு இதையெல்லாம் ஏணியில் ஒரு கால் வைத்தபடி பார்த்தார். தலையை ஒரு முறை அசைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

குமாரவேல் வரப்பில் நடந்தான். மேலண்டைக் கழனி தூரம்தான். காலில் சேறு ஏறியது, இரண்டு இடத்தில் வழுக்கியது. தறியும் ஓட்டாமல், கழனியும் மிதிக்காமல் வளர்ந்த கால் அது. பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டுத் திரும்பினான். கலியன். மூச்சிரைக்க வந்து நின்று, மடித்து வைத்திருந்த சிவப்புத் துண்டை உதறி நீட்டினான்.

"மூக்கைக் கட்டிக்கோ. மருந்து ஏறும்."

வாங்க, போங்க, இன்சினீரு எல்லாம் அந்தப் பேச்சில் இல்லை. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. குமாரவேல் துண்டை வாங்கினான். கட்டத் தெரியாமல் முன்னும் பின்னும் சுற்றினான். கலியனே பிடுங்கி, மூக்குக்கு மேலே இழுத்து, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டான். வியர்வையும் பெட்ரோலும் மணத்த துண்டு.

கழனிக் கோடியில் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். தூரத்தில் மேட்டிலிருந்து விமானம் எழும்பியது. தென்னைகளுக்கு மேலே போகும் வரை அவன் மூச்சு விடவில்லை. அது ஒரு வட்டம் போட்டுத் திரும்பி, தாழ்ந்து, நேராக அவனை நோக்கி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஆறும் ஒரே சத்தமாகப் பாடின, எதுவும் பின்தங்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்தான். முகத்துக்கு நேரே மஞ்சள் மூக்கும் சுழலும் வட்டமும் பெரிதாகிக்கொண்டே வந்தன. குனிந்துவிட வேண்டும் என்று முதுகு கெஞ்சியது. அவன் குனியவில்லை. காற்று அறைந்து, கொடி படபடத்து, துண்டின் மேல் மருந்து பொடித் தூறலாக விழுந்தது.

தாண்டிப் போய்விட்டது. அவன் அதே இடத்தில் நின்றான்.

"இன்னா நின்னுக்கினே இருக்க?" என்று வரப்பிலிருந்து கலியன் கத்தினான். "தள்ளு! அளந்து தள்ளி நில்லு! அவரு திரும்பிக்கினு வராரு!"

குமாரவேல் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எட்டு வைத்து அளந்து, அடுத்த வரிசையில் போய் நின்றான்.